கொழும்பில் வறுமை 2.3 சதவீதம்

2019 ஆம் ஆண்டு வீட்டு வருமான செலவின ஆய்வின்படி இலங்கையில் வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழ்ந்தவர்கள் 14.3 சதவீதம். மாவட்ட வரிசையின் ஒரு முனையில் முல்லைத்தீவு நின்றது, 44.5 சதவீதத்தோடு. மறுமுனையில் கொழும்பு, வெறும் 2.3. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வறுமை அங்கே, வசதி இங்கே என்ற முடிவுக்கு மனம் உடனே போய்விடும். அப்படிப் போனதால் இந்த நகரத்தில் பலரை நாம் காணாமலே இருந்திருக்கிறோம்.

கணக்கை வேறு விதமாகப் போட்டுப் பார்க்கலாம். 2012 தொகைமதிப்பில் முல்லைத்தீவு மாவட்டத்தின் சனத்தொகை 92 ஆயிரம். அதில் 44.5 சதவீதம் என்றால் ஏறத்தாழ 41 ஆயிரம் பேர். கொழும்பு மாவட்டத்தின் சனத்தொகை 23 இலட்சத்துக்குச் சற்று மேல். அதில் 2.3 சதவீதம் என்பது 53 ஆயிரம் பேர். நாட்டிலேயே வறுமை மிகக் குறைவு என்று எழுதப்பட்ட மாவட்டத்தில்தான், வறுமை மிக அதிகம் என்று எழுதப்பட்ட மாவட்டத்தைவிடக் கூடுதலான ஏழைகள் இருந்தார்கள். முல்லைத்தீவின் துயரத்தை இது ஓர் அணுவும் குறைக்காது. ஏறத்தாழ இரண்டு பேருக்கு ஒருவர் ஏழையாக இருக்கும் ஊரில் கடன் கேட்கக்கூட அயல்வீடு இல்லை. ஆனால் சதவீதம் ஒன்றைச் சொல்லும்போது தலைக்கணக்கு வேறொன்றைச் சொல்லும் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த நாட்டின் எழுத்தறிவையும் வறுமையையும் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும்.

அந்த 53 ஆயிரம் பேரும் மாவட்டம் முழுவதும் சமமாகப் பரந்திருக்கவில்லை. கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகள் உண்டு. வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாயப் பிரிவுக்குள் வருகிறது, கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரிவுக்குள். ஒன்று காலி வீதியோடு தெற்கே, மற்றது துறைமுகத்துக்குப் பின்னால் வடக்கே. இடையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் இராது. இரண்டிலும் தெருவில் இறங்கினால் தமிழ் காதில் விழும், இரண்டிலும் கோயில் மணி கேட்கும், ஆடிப் பிறப்பும் தைப்பொங்கலும் ஒரே நாளில்தான் வரும். இருந்தும் இவை இரண்டும் ஒரே தமிழ்க் கொழும்பு அல்ல. இந்த இரண்டு இடங்களுக்கும் மக்கள் எங்கிருந்து, எதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள் என்று தேடிப் போனால் நாட்டின் கல்வி வரலாறு முழுவதும் அதில் வந்துவிடும்.

முதலில் எழுத்தறிவு என்று எதை எண்ணுகிறார்கள் என்று பார்ப்போம். தொகைமதிப்பில் பத்து வயதும் அதற்கு மேலும் உள்ள ஒருவர் ஏதாவது ஒரு மொழியில் விளங்கி வாசிக்கவும் எழுதவும் முடிந்தால் அவர் எழுத்தறிவுள்ளவர். பரீட்சை வைப்பதில்லை. வீட்டில் இருப்பவர் சொல்வதைக் குறித்துக்கொள்வார்கள். இந்த அளவின்படி 2012 இல் நாட்டின் எழுத்தறிவு 95.7 சதவீதம். தெற்காசியாவில் இது பெரிய சாதனை. பக்கத்து நாட்டில் 2011 இல் கேரளம் 94 சதவீதத்தில் நின்றபோது பீகார் 61.8 இல் இருந்தது. தமிழ்நாட்டுக்குள்ளேயே கன்னியாகுமரிக்கும் தருமபுரிக்கும் இடையில் இருபது புள்ளிக்கு மேல் இடைவெளி. அந்த அளவுக்கான பிளவு இலங்கையில் இல்லை. மலையகத் தோட்டப்புறம் மட்டும் 90 சதவீதத்தை எட்டாமல் பின்தங்கியது. மட்டக்களப்பு மாவட்டமும் வரிசையின் அடிப்பக்கத்தில் இருந்தது. மற்றப்படி எண்கள் நெருங்கியே நிற்கின்றன.

எண்கள் இப்படி நெருங்கிவிட்டதால் உண்மையான வேறுபாடு வேறோர் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. வெள்ளவத்தையில் காலி வீதியை விட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் நான் சாமான் வாங்கும் பலசரக்குக் கடை இருக்கிறது. முதலாளி யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவுக்காரர். ஒடியல் மாவும் பனங்கட்டியும் அவரிடம் தப்பாமல் கிடைக்கும். தராசடியில் நிற்கும் பையன் மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து வந்தவன். "தம்பி, அரைக் கிலோ உளுந்து போடும்" என்று முதலாளி சொன்னால், "சரிங்க முதலாளி" என்று அளந்து கட்டி, கடன் கொப்பியில் பெயரையும் தொகையையும் எழுதுவான். அவனுடைய கையெழுத்து முதலாளியின் கையெழுத்தைவிடத் தெளிவானது. ஓ.எல் வரை படித்திருக்கிறான். அவன் படித்த பாடசாலையில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. ஏ.எல் படிக்க நகரத்துக்கு பஸ் ஏற வேண்டும், டியூஷன் வகுப்புக்குக் காசு வேண்டும், வீட்டில் அடுத்த பிள்ளைகள் இரண்டு. தொகைமதிப்பில் முதலாளியின் மகளும் எழுத்தறிவுள்ளவள், இந்தப் பையனும் எழுத்தறிவுள்ளவன். மகள் மருத்துவபீடத்தில் படிக்கிறாள். எழுத்தறிவு விகிதம் இவர்கள் இருவரையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டு ஓய்ந்துவிடுகிறது.

மகளுக்கு அந்த இடம் அவளுடைய உழைப்பால் கிடைத்தது. அந்த உழைப்புக்குப் பின்னால் இருநூறு ஆண்டுப் பாடசாலை வரலாறு ஒன்றும் இருக்கிறது. அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு 1816 இல் வந்தது. வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இலும் உடுவில் மகளிர் பாடசாலை 1824 இலும் தொடங்கின. அதற்குப் பதிலடியாக ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மதம் பரப்பவும் மதம் காக்கவும் நடந்த அந்தப் போட்டியில் குடாநாடு முழுவதும் பாடசாலைகள் எழுந்தன. வற்றாத ஆறு இல்லாத, கிணற்றை நம்பி வாழும் மண்ணில் படிப்புத்தான் விளைச்சலானது. படித்தவர்கள் கொழும்பில் எழுதுவினைஞர்களானார்கள், மலாயாவுக்குப் போனார்கள், ஊருக்கு மணிஓடர் அனுப்பினார்கள். வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் அந்த உத்தியோகத்தர்களின் குடியிருப்பாக வளர்ந்தன. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்செயலில் அந்த வீடுகள் எரிந்தன. போரின்போது வடக்கிலிருந்து ஓடி வந்தவர்களாலும் வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தாலும் அதே தெருக்களில் தொடர்மாடிகள் எழும்பின.

யாழ்ப்பாணத்தின் சராசரியும் ஓர் உண்மையை மூடிக்கொண்டுதான் நிற்கிறது. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக உட்கார வேண்டும் என்று 1929 இல் உத்தரவு வந்தபோது குடாநாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. பாடசாலைகள் கொளுத்தப்பட்டன. தரையில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று படித்துவிட்டார்கள்தான். ஆனால் இரண்டு தலைமுறை பின்தங்கித் தொடங்கியவர்களுக்குக் கொழும்பில் வீடு வாங்கித் தந்த மாமாவும் இல்லை, கனடாவிலிருந்து பணம் அனுப்பும் சித்தப்பாவும் குறைவு. வடக்குத் தமிழர் படித்தவர்கள் என்ற பெருமைப் பேச்சில் இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

மலையகத்தின் கதைக்கு இதைவிட அதிக இடம் கொடுக்க வேண்டும். கொட்டாஞ்சேனையை விளங்கிக்கொள்ள அதுவே திறவுகோல்.

கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு அரசிடமிருந்து வரவில்லை, தோட்ட நிர்வாகத்திடமிருந்து வந்தது. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தும் பொறுப்பைத் தோட்டத் துரைமார் தலையில் வைத்தது. கொழுந்து பறிக்க ஆள் தேவைப்படும் ஒருவரிடம், அந்த ஆளின் பிள்ளை கொழுந்து பறிக்காமல் போவதற்கான வழியைத் திறந்துவிடு என்று சொன்ன ஏற்பாடு அது. விளைவு என்ன ஆகும் என்பது தெரிந்ததே. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. சி.டபிள்யு.டபிள்யு. கன்னங்கரா 1945 இல் நாட்டுக்கு இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. சிங்களக் கிராமத்துப் பிள்ளையும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் அந்த ஏணியில் ஏறினார்கள். தோட்டப் பாடசாலைகள் நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டன. மூன்று ஆண்டுகள் கழித்து 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது, அடுத்து வாக்குரிமையும் போனது. வாக்கு இல்லாத மக்களுக்காகப் பாடசாலை கட்ட எந்த அரசியல்வாதிக்கும் அவசரம் இருக்கவில்லை. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. எந்த நாட்டில் பிள்ளை வளரப்போகிறது என்றே தெரியாத வீட்டில் பிள்ளையைப் பத்தாம் வகுப்பு வரை படிக்க வைக்கும் திட்டம் எப்படி வரும்? அரசு தோட்டப் பாடசாலைகளைப் பெருமளவில் பொறுப்பேற்றது 1970களின் இறுதியில்தான். கன்னங்கராவின் ஏணி அந்தப் பிள்ளைகளின் காலடிக்கு வந்து சேர முப்பது ஆண்டுகளுக்கு மேலானது.

பாடசாலையோடு நிற்கவில்லை இந்த விலக்கம். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்ட எல்லைக்குள் சபையின் பணத்தைச் செலவிட இடம் தரவில்லை. வாக்குக் கேட்டு, தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயத்துக்கு வந்த உறுப்பினர், வென்ற பிறகு அதே லயத்துக்கு ஒரு படிக்கட்டுக்கூடக் கட்டித் தர முடியாமல் இருந்தது. இது திருத்தப்பட்டது 2018 இல். பிரதேச செயலகங்களின் நிலையும் அப்படியே இருந்தது. அம்பகமுவ, நுவரெலியா என்ற இரண்டு பிரிவுகளில் 2012 இல் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். நாட்டின் மற்றப் பக்கங்களில் ஐம்பது, அறுபது ஆயிரம் பேருக்கு ஒரு செயலகம் என்பது வழக்கமான காட்சி. இரண்டு இலட்சம் பேருக்கு ஓர் அலுவலகம் என்றால் பிறப்பத்தாட்சிப் பத்திரத்துக்காகக் காத்திருக்கும் வரிசை எவ்வளவு நீண்டிருக்கும், அதற்காக இழந்த நாட்சம்பளம் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். நாட்சம்பளம் 1,000 ரூபா என்றானதே 2021 மார்ச்சில்தான்.

கடிதத்தின் பயணத்தைச் சொன்னால் இது இன்னும் துலங்கும். லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. தபால்காரர் கடிதக் கட்டைத் தோட்ட ஆபீசில் கொடுத்துவிட்டுப் போவார். அங்கிருந்து யாராவது, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கோ கடைக்கோ எடுத்து வந்தால்தான் உரியவருக்கு வந்து சேரும். நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதைகள் மலையகத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. வாசிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தும், வாசிக்க வேண்டிய தாள் உரிய நேரத்தில் வரவில்லை.

அந்த மலைகளிலிருந்து கொழும்புக்கு வருபவர்கள் புறக்கோட்டைக் கடைகளிலும் வெள்ளவத்தை வீடுகளிலும் வேலைக்கு நிற்கிறார்கள். பிள்ளைகளும் வந்தார்கள். ஐந்து முதல் பதினாறு வயது வரை கட்டாயக் கல்வி என்று 2016 இல் விதித்த பிறகும் வந்தார்கள். 2021 ஜூலையில் மலையகத்து டயகமவிலிருந்து கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு இறந்தபோது நாடு சில வாரங்கள் அதிர்ந்தது. நம் சொந்தத் தமிழ் வீடுகளின் சமையலறையில் யார் நிற்கிறார், எத்தனை வயது, எத்தனையாம் வகுப்போடு வந்தார் என்ற கேள்வியை அப்போதும் நாம் போதுமான அளவு கேட்டுக்கொள்ளவில்லை. இதை நான் வேதனையோடு எழுதுகிறேன்.

குடும்பமாக வந்தவர்கள் வடகொழும்பில் தங்கினார்கள். கொட்டாஞ்சேனையும் கொச்சிக்கடையும் முகத்துவாரமும் கிராண்ட்பாஸும் துறைமுகத்தைச் சுற்றி வளர்ந்தவை. பொன்னம்பலவாணேசர் கோயிலும் புனித லூசியா பேராலயமும் செட்டியார் தெருவின் நகைக்கடைகளும் அந்தப் பகுதியின் வசதியான முகம். அதன் பின்னால், கொழும்பு மக்கள் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் துறைமுகத் தொழிலாளர்களின் பரம்பரையும், மலையகத்திலிருந்து வந்தவர்களும், முஸ்லிம்களும், சிங்களவர்களும் ஒரே தண்ணீர்க் குழாயடியில் வாழ்கிறார்கள். இங்கே வறுமைக்கு மொழி இல்லை. வரிசையில் நிற்கும் மூன்று பெண்களும் வெவ்வேறு மொழிப் பாடசாலையில் பிள்ளையைப் படிக்க வைப்பவர்களாக இருக்கலாம். கவலை மூவருக்கும் ஒன்றுதான்.

முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும் விதம் அந்தக் கவலைகளில் பெரியது. பெயர்பெற்ற அரசுப் பாடசாலைகளில் பாதி இடங்கள் அருகில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு. வசிப்பதை நிரூபிக்கப் புள்ளி உண்டு: வாக்காளர் இடாப்பில் தொடர்ந்து பெயர், வீட்டுக்கு உறுதி, மின்சாரக் கட்டணச் சிட்டை. வெள்ளவத்தையில் அடுக்குமாடி வாங்கியவரிடம் உறுதி இருக்கிறது. கொட்டாஞ்சேனைத் தோட்டத்துக் குடியிருப்பில் மூன்று தலைமுறையாக இருப்பவரிடம் பெரும்பாலும் அது இல்லை. பாடசாலை மதில் தெரியும் தூரத்தில் வீடு இருந்தும் அவருடைய பிள்ளை புள்ளிக்கணக்கில் தோற்கிறது. பிறகு அது போய்ச் சேரும் சிறிய பாடசாலையில் ஏ.எல் விஞ்ஞானம் இராது. இலவசக் கல்வி என்ற வாக்கு மாறவில்லை, ஆனால் எந்தப் பாடசாலையில் இலவசம் என்பதை ஒரு காணிப் பத்திரம் தீர்மானிக்கிறது.

இதற்கு மேல் இருக்கிறது எழுத்தின் மொழி. கொட்டாஞ்சேனையில் போட்டோகொப்பி எடுத்து, ரீலோட் போட்டு, விண்ணப்பமும் நிரப்பிக் கொடுக்கும் ஒரு சின்ன கொமியூனிகேஷன் கடையில் ஒரு நாள் நின்றேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்று, இப்போது மகளோடு கொழும்பில் இருக்கும் ஓர் அம்மா ஒரு பிளாஸ்டிக் கோப்பைத் திறந்தார்.

"சேமலாப நிதி காசு எடுக்கணும் மகன். மூணு தரம் திருப்பி அனுப்பிட்டாங்க."

கடைக்காரத் தம்பி தாள்களைப் புரட்டினார். "அம்மா, ஐ.டி-ல ஒங்கட பேர் ஒரு மாதிரி, பொறப்புப் பத்திரத்துல வேற மாதிரி. இது சிங்களத்துல எழுதினது, பாருங்க. எழுத்து மாறிப் போச்சு."

"நான் பேர் சொன்னது தமிழ்ல தான் மகன். எழுதினவரு சிங்களத்துல எழுதினாரு. எனக்கு அது வாசிக்கத் தெரியாதே."

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். தொகைமதிப்பில் அவர் எழுத்தறிவுள்ளவர். ஆனால் அவருடைய வாழ்நாள் உழைப்பின் பணம் எந்தத் தாளில் நிற்கிறதோ அந்தத் தாளின் முன் அவர் எழுத்தறியாதவராகிவிட்டார். பெயரில் ஓர் எழுத்து மாறியதால் சேமலாப நிதி முடங்கிப்போன தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். திருத்தப் போக வேண்டும், சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும், புதுக்கடை நீதிமன்றப் பக்கத்தில் தட்டச்சுக்காரருக்கும் சட்டத்தரணிக்கும் கொடுக்க வேண்டும். எழுத்து ஒருவரை ஏழையாக்கும் விதத்தை இதைவிட நேராக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

1956 இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. 1991 இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குச் சட்டம் வந்தது, நுவரெலியா மாவட்டப் பிரிவுகள் 1999 இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன, 2007 ஜூலைக்குப் பின் சேரும் அரச ஊழியர் இரண்டாம் மொழி கற்க வேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது. ஏட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. கருமபீடத்தில் தமிழில் எழுதித் தரக்கூடியவர் இன்றைக்கு லீவில் இருந்தால் அந்த அம்மா நாளைக்கு வர வேண்டும். வெள்ளவத்தைக்காரர் இதே பிரச்சினையை ஆங்கிலத்தால் தாண்டிவிடுகிறார், அல்லது தெரிந்த ஒரு சட்டத்தரணிக்குத் தொலைபேசி எடுக்கிறார். ஒரே மொழி பேசும் இருவரில் ஒருவருக்கு மட்டும் மொழிப் பிரச்சினை வறுமைப் பிரச்சினையாக மாறுவது இப்படித்தான். ஒரு காலத்தில் ஆங்கிலமும் தெரிந்த சட்டத்தரணியும் என்ற அந்தக் கவசமும் உதவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2007 ஜூன் 7 ஆம் திகதி புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. அன்றைக்கு எல்லாரும் ஒரே தமிழர்களாக இருந்தார்கள்.

வறுமையைத் தமிழ்ப் பிரச்சினையாக மட்டும் பேசுவதும் பிழை. 2012/13 ஆய்வில் முல்லைத்தீவு 28.8 சதவீதத்தோடு முதலில் நின்றது. அதற்கு அடுத்ததாக வந்தது மொனராகலை, 20.8. பெரும்பாலும் சிங்களக் கிராமங்களும் வறண்ட காணியும் உள்ள மாவட்டம். அதன் பின் மன்னார் 20.1, மட்டக்களப்பு 19.4. சுவாமி விபுலாநந்தர் 1929 இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கிய மட்டக்களப்பில் நல்ல பாடசாலைகளுக்குக் குறைவில்லை. வாவிக்கு மேற்கே, போரிலும் வெள்ளத்திலும் மாறி மாறி அடிபட்ட கிராமங்களில்தான் பிள்ளைகள் இடைவிலகினார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறையை வளர்த்தார்கள். மொனராகலைச் சிங்களவரையும் புத்தளத்து முஸ்லிமையும் மலையகத் தோட்டத்துத் தமிழரையும் இணைப்பது மொழி அல்ல. பாடசாலையும் தெருவும் அலுவலகமும் அவர்களுக்குக் கடைசியாக வந்தன, வந்தவையும் அரைகுறையாக வந்தன.

எண்களைப் பற்றி இன்னொன்று. 2016 ஆய்வு நாட்டின் வறுமை 4.1 சதவீதம் என்றது. தோட்டப்புறத்தில் 8.8. மூன்றே ஆண்டுகளில், 2019 இல், நாடு 14.3 ஆனது, தோட்டப்புறம் 33.8 ஆனது. இடையில் இத்தனை பேர் திடீரென்று ஏழையாகவில்லை. 2002 இன் வாழ்க்கைச் செலவை வைத்து வரைந்த பழைய வறுமைக்கோட்டை மாற்றி 2012/13 இன் செலவை வைத்துப் புதிதாக வரைந்தார்கள், அவ்வளவுதான். புதிய கோடு ஆளுக்கு மாதம் 6,966 ரூபா. லயத்தில் இருந்தவர்கள் முன்பும் அங்கேதான் இருந்தார்கள். பழைய அளவுகோல் அவர்களைத் தொடவில்லை. அதே அளவுகோலின்படி 2012/13 இல் நுவரெலியா மாவட்டத்தின் வறுமை 6.6 சதவீதம், நாட்டின் சராசரியைவிடக் கடுகளவு குறைவு. சனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர்களான மாவட்டம் அது. அந்த எண்ணை நம்பித் திட்டம் தீட்டிய அதிகாரிக்கு அங்கே அவசரம் எதுவும் தெரிந்திருக்காது. வருமானத்தை மட்டும் பாராமல் படிப்பு, சுகாதாரம், வீட்டு வசதி எல்லாவற்றையும் சேர்த்து 2019 இல் கணக்கிட்டபோது தோட்டப்புறத்தில் பாதிக்கு மேற்பட்டோர் பல்பரிமாண வறுமைக்குள் வந்தார்கள். பிறகு 2022 இன் பொருளாதார வீழ்ச்சி. உலக வங்கியின் மதிப்பீட்டில் நாட்டின் வறுமை 2021 இல் 13.1 சதவீதமாக இருந்து ஒரே ஆண்டில் 25 ஆனது. அந்த ஆண்டு கொட்டாஞ்சேனையில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தவர்களுக்கு 2.3 என்ற எண் எவ்வளவு மெல்லிய விளிம்பில் நின்றிருந்தது என்று விளங்கியிருக்கும்.

இப்படி மாவட்டக் கணக்கைக் கொண்டு அரசு செய்யும் பங்கீடுகளில் ஒன்று பல்கலைக்கழக அனுமதி. இந்த அனுமதியில் கொண்டுவந்த தரப்படுத்தல் 1970களில் கிளப்பிய காயம் பெரியது, அதை இங்கே விரிக்கவில்லை. இன்றைய முறைப்படி 40 சதவீதம் இடங்கள் நாடளாவிய தகுதிக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, முல்லைத்தீவு, மட்டக்களப்பு, மொனராகலை, யாழ்ப்பாணம் எல்லாம் அந்தப் பதினாறில் உண்டு. கொழும்பு இல்லை. பின்தங்கிய இடத்துப் பிள்ளைக்குக் கைகொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் கைகொடுக்க மாவட்டத்தை அலகாக எடுத்ததால், கொட்டாஞ்சேனைத் தோட்டத்துக் குடியிருப்பில் இரவு விளக்கடியில் படித்த பிள்ளை, வசதியான கறுவாத்தோட்டத்துப் பிள்ளையோடு ஒரே வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிடுகிறது. கொழும்பின் வெட்டுப்புள்ளி நாட்டிலேயே உயர்ந்த வரிசையில் இருக்கும். மறுபக்கம் நுவரெலியாவின் ஒதுக்கீட்டில், ஏ.எல் விஞ்ஞானம் உள்ள ஹட்டன் நகரப் பாடசாலையில் படித்த வியாபாரியின் பிள்ளை, விஞ்ஞான ஆசிரியரே இல்லாத தோட்டப் பாடசாலைப் பிள்ளையின் இடத்தில் போய் அமர்கிறது. இரண்டு பிள்ளைகள் மீதும் குற்றமில்லை. அலகு பெரிதாகிவிட்டது.

மாவட்டத்துக்குப் பதிலாகப் பாடசாலையை அலகாக்கலாம். பாடசாலைகளை வகைப்படுத்திவிட்டார்கள் ஏற்கெனவே: ஏ.எல் விஞ்ஞானம் உள்ளது 1ஏபி, கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளது 1சி, ஓ.எல்லோடு நிற்பது இரண்டாம் வகை, ஆரம்ப வகுப்புகளோடு நிற்பது மூன்றாம் வகை. ஒரு பிள்ளை ஐந்தாம் தரத்தில் எந்த வகைப் பாடசாலையில் இருந்தது, பதினோராம் தரத்தில் எங்கே இருந்தது, அங்கே கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இருந்தாரா என்று பார்த்து அந்த 5 சதவீதத்தை, முடிந்தால் அதைவிடக் கூடுதலாக, பகிர்ந்தால் கொட்டாஞ்சேனைப் பிள்ளையும் பொகவந்தலாவைப் பிள்ளையும் மொனராகலைப் பிள்ளையும் ஒரே பட்டியலில் வருவார்கள். மொழி கேட்க வேண்டியதில்லை, இனம் கேட்க வேண்டியதில்லை. இதற்குப் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை. கல்வி அமைச்சு ஒவ்வோர் ஆண்டும் பாடசாலைத் தொகைமதிப்பு எடுக்கிறது. எந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்பது அந்தப் படிவங்களில் எழுதப்பட்டே இருக்கிறது.